பள்ளிக்கூடங்களுக்கு அவதி

சென்னையில் என்னைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய், செய்தி போகுது பாரு" என்கிறார்கள். அஃறிணைதான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வாரத்தில் சில நாட்கள், மாலை வேளையில், கறுப்பு வெள்ளையில், இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற ஒருவனுக்கு எந்தத் திணை என்று இலக்கணம் எழுதியவர்களும் யோசித்து வைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று கேட்பவர்களிடம் தமிழ்ப் பற்று, குரல்வளம், ஆண்டவன் அருள் என்று மூன்றையும் கலந்து ஒரு பதில் வைத்திருக்கிறேன். மேடைகளில் நன்றாகப் போகிறது. உண்மை வேறு. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு மழைநாளில், ஒரே ஒரு சொல்லால் ஒரு டிவிஷன் ஆட்கள் அத்தனை பேரையும் வேலைக்குப் போகவிடாமல் செய்தேன். அதற்குப் பிறகு என்னை டெலிவிஷனில் போடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலை ஆபீசில் நான் இரண்டாவது கிளார்க். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர். அப்பாவும் அதே. அண்ணன் தேயிலை வறுக்கும் இடத்தில் இருந்தான். நான் மட்டும் பத்தாவது தேறிவிட்டதால் பேனா பிடிக்கிற பக்கம் தள்ளப்பட்டேன். தொழிலாளர் கிளப்பில் ஒரு அலமாரித் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. என்னைத் தவிர அதை யாரும் திறந்ததில்லை, கரையான் நீங்கலாக. கரையான் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கும் பழக்கம் உள்ளது. அதனால் நான் படித்த நாவல்கள் பலவற்றுக்கு முடிவு என்னுடையது.

அதே கிளப்பில் ஒரு மைக் செட்டும் இருந்தது. திருவிழாவுக்கு வாங்கியது; மற்ற நாட்களில் சும்மா கிடந்தது. ரேடியோ அந்தப் பள்ளத்தில் சரியாகப் பிடிக்காது. மழை வந்தால் அதிலும் மழைதான் கேட்கும். மதுரையிலிருந்து வரும் தமிழ்ப் பேப்பர் குமுளி பஸ்ஸில் மத்தியானம் வந்து சேரும். அதை மாலையில், கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பியதும் மைக்கில் வாசித்தால் என்ன என்று நான் கேட்டேன். சரி என்றார்கள். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆளெடுக்கும் மைதானத்தில், சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். அன்றுமுதல் மாலைதோறும் உலகம் என் வாய் வழியாக அந்த மலைக்கு வந்தது.

பகல் முழுவதும் நான் மூட்டை எண்ணுகிறவன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கிளார்க் இல்லை. மைக்கின் முன்னால் தொண்டையைச் செருமும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதையை வேறு எந்த இடத்திலும் நான் சம்பாதித்ததில்லை. அதை யாராவது பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது மூட்டைதான் என்று தெரிந்துதான் இருந்தது.

பேப்பரை எனக்கு முன்னால் படிக்கும் உரிமை பெரிய கிளார்க்குக்கு. பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளிக்காரர். குடும்பம் ஊரில், வயல் ஊரில், மனசும் ஊரில். உடம்பு மட்டும் குளிரில் எங்களோடு. படித்து முடித்துத் தரும்போது, "தம்பி, நாலாம் பக்கத்துல ஒண்ணுமில்லீங்க, உட்ருங்க" என்பார். பெரும்பாலும் நாலாம் பக்கமே இருக்காது. கருவாடு கட்ட எடுத்திருப்பார்.

இனி அந்த மழைநாள். ஆடிக்குக் கொஞ்சம் முன்னால். விடாத மழை. பேப்பரில் எங்கள் மலையைப் பற்றியே ஒரு செய்தி வந்திருந்தது. நம்மைப் பற்றி நாமே வாசிப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு! குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் நடுங்கவிட்டு, தலைப்பை இரண்டு தடவை வாசித்தேன்:

"மலையோரத்தில் விடாத மழை. தோட்டத் தொழிலாளர்கள் அவதி."

மறுநாள் காலை சங்கு ஊதிற்று. பெரட்டுக்களத்தில் ஒரு ஆள் இல்லை. ஃபீல்டு ஆபீசரும் அவருடைய நாயும் ஒரே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். லயங்களின் கூரைக்கு மேலே மட்டும் புகை. அது சாதாரணக் காலைப் புகை இல்லை. வெங்காயம் வதங்குகிற, நிதானமான, ஞாயிற்றுக்கிழமைப் புகை.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்து மேனேஜரை அங்கே துரை என்றுதான் சொல்வது, வெள்ளைக்காரர் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும். இவர் கோட்டயத்து மலையாளி. பெரிய கிளார்க்கும் நானும் பின்னால் ஓடினோம். லயத்து வாசலில் என் மதினி, அண்ணன் மனைவி, கொழுந்தெடுக்கும் பெண்களில் எல்லோருக்கும் முன்னால் பேசுகிறவர், உரலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்தா இது? வேலைக்கு ஆளெங்கே?"

"இன்னிக்கு அவதில்லா தொரை?"

"ஆரு கொடுத்தது அவதி?"

"செய்தியில சொல்லிட்டாவளே. விடாத மழையாம், தோட்டத் தொழிலாளர்கள் அவதியாம். ரெண்டு மட்டம் சொன்னாவ. தோட்டத் தொழிலாளர்னா நாங்கதான? இல்ல, வேற ஆளு இருக்காவளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மலையில் யாரும் விடுமுறை என்று சொல்வதில்லை. பள்ளிக்கூட வாத்தியாரும், போஸ்டாபீசும், துரையின் நோட்டீசும் சொல்லும் மலையாளச் சொல்தான் எங்களுக்கும்: அவதி. ஓணத்துக்கு அவதி, ஞாயிற்றுக்கிழமை அவதி, தலைவர் யாராவது இறந்தால் அவதி. நான் என் வீட்டில் அப்படித்தான் பேசுவேன். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் மதுரைக்காரனாகிவிடுவதால் எனக்கு மறந்துபோயிற்று. கேட்கிறவர்கள் யாரும் மதுரைக்காரர் ஆகவில்லை.

துரை என் பக்கம் திரும்பினார்.  செய்தி வாசிப்பவனுக்குச் சொந்தமாகப் பேச வராது என்பதை அன்று கண்டேன், இன்றுவரை மாறவில்லை. பெரிய கிளார்க்தான் முன்னே வந்தார்.

"அது தமிழ் அவதிங்க சார். கஷ்டப்படறாங்கன்னு அர்த்தம். இவிங்க எடுத்துட்டது மலையாள அவதிங்க."

"தமிழில் அவதின்னா கஷ்டமா?"

"ஆமாங்க."

"அப்போ அவதி இல்லாட்டி?"

பெரிய கிளார்க் மழையையும் பெண்களையும் பார்த்தார். "அதும் கஷ்டந்தானுங்க சார்."

லயத்தின் மறுகோடி வரைக்கும் சிரிப்பு போயிற்று. துரை மட்டும் சிரிக்கவில்லை. மரத்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். "அதை இறக்கு. இனி நியூஸ் வேண்டா."

என் காலடியில் மண் நழுவுவது மழையால் மட்டும் அல்ல என்று தெரிந்தது.  மதினி பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்தார்.

"இறக்கட்டும் தொரை. ஆனா ஒண்ணு கேக்கேன். அவதின்னு சொன்னது செய்தி. அவதி முடிஞ்சிட்டுன்னு செய்தி சொல்லலன்னா, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

 சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கலாம். அந்த மழையில் துரைக்குக் கிடைக்கவில்லை. "இன்னைக்கு சாயங்காலம் மட்டும்" என்றார் என்னிடம். "நாளைக்கு வேலை உண்டு, இன்னைக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டுன்னு சொல்லு. அதோட கழிஞ்சு."

அன்று மாலை நான் வாசித்த அறிவிப்பை எழுதப் பகல் முழுவதும் ஆயிற்று. என் எழுத்து வாழ்க்கையில் அதற்கு இணையாக ஒன்றை நான் பிறகு எழுதவில்லை.

"அன்பார்ந்த தொழிலாளர்களே. நேற்றுச் சொன்ன அவதி, அவதியே தவிர அவதி அல்ல. ஆகையால் நாளை அவதி இல்லை. இன்று எடுத்த அவதிக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை அவதி ரத்து. மழை நீடிப்பதால் அவதி நீடிக்கும், அவதி நீடிக்காது."

லயங்களிலிருந்து பெரிய கைதட்டல் வந்தது. புரிந்துதான் தட்டினார்களா என்று கேட்டு அந்தச் சந்தோஷத்தை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பெரட்டுக்களம் நிரம்பி வழிந்தது. காய்ச்சல்காரர்கள்கூட வந்திருந்தார்கள். துரை குடைக்குள் நின்று கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் மரத்தைப் பார்த்தார். வருஷக்கணக்காக அவர் பலகையில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆடு தின்றதைத் தவிர அதற்கு வேறு வாசகர் கிடையாது. இங்கே ஒருவன் ஒரு சொல் சொல்லி இத்தனை பேரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறான், மறுநாளே இன்னொரு சொல்லால் எழுப்பியும் விட்டிருக்கிறான். ஒலிபெருக்கி இறங்கவில்லை. அதற்குப் பிறகு துரையின் நோட்டீசும் என் வாய் வழியாகத்தான் வந்தது.

அன்றுமுதல் எனக்கு ஒரு பழக்கம். எதையும் வாசிப்பதற்கு முன்னால் ஒருமுறை தனியாக வாசித்து, இதில் எங்கேயாவது ஒரு அவதி ஒளிந்திருக்கிறதா என்று தேடுவேன். விளம்பரங்களை மட்டும் தேடுவதில்லை. அவற்றை நான் வாசிப்பதில்லையே.

ஒருநாள் வாசிக்கவேண்டி வந்தது. கருவாடு சற்று அதிகமாக வந்த நாள். பேப்பரில் பாதி இல்லை. செய்தி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. நேரம் மீதி இருந்ததால் கண்ணில் பட்ட விளம்பரம் ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். "சென்னை டெலிவிஷனில் தமிழ்ச் செய்தி வாசிக்க ஆட்கள் தேவை. தெளிவான உச்சரிப்பும், நல்ல..." அங்கே நின்றுவிட்டேன். "நல்ல..." என்று மறுபடி சொன்னேன். "தோற்றமும்" என்பதைச் சொல்லி முடித்தபோது குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மைக்குக்குக் கேட்டது. மைக்குக்குக் கேட்டது மலைக்கே கேட்டது.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போகிற வழியில் கொழுந்துக் கூடையோடு மதினி மறித்தார்.

"என்ன கொழுந்தனாரே, எப்ப பொறப்படுதிய?"

"எங்க மதினி?"

"மெட்ராசுக்குத்தான். நேத்து நீங்கதான வாசிச்சிய. வேற யாரும் இங்க மைக்குல பேசுதாவளா?"

"அவங்க நல்ல தோற்றம் கேக்காங்க மதினி."

"ரேடியோவுக்கு மொகம் மொளச்சிருக்காம்லா, பெரிய கிளார்க்கு சொன்னாவ. புதுசா மொளைக்கது எது அழகா இருக்கு? உங்க அண்ணன் மீசை மொளைக்கையில பாத்திருக்கியளா?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "நல்ல தோற்றம்னு சொல்லையில தொண்டை அடைச்சிட்டே, பாவம்" என்றாள். பொதுவில் இப்படி அறிவிக்கப்பட்ட ஆசையை மறைத்து வைக்க எனக்கு இடம் இல்லை. விண்ணப்பித்தேன். வரச்சொன்னார்கள்.

அங்கே கோட்டு போடாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று பெரிய கிளார்க் நம்பினார். "என்ற கல்யாணக் கோட்டு ஊட்டுல இருக்குதுங்க தம்பி. கோயமுத்தூருல தெச்சது. கம்பளி. போற வழியில வாங்கிட்டுப் போங்க." ஏலப்பாறையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் நல்லேப்பிள்ளி இல்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வயது போதவில்லை, நாற்பதுதான் நெருங்கியிருந்தது.

சித்திரை வெயில். பாலக்காட்டுச் சித்தூர் வரைக்கும் பஸ், அங்கிருந்து வரப்போரமாக நடை. அறுவடை முடிந்த வயல்கள் அடுப்புபோல் மூச்சு விட்டன. பெரிய கிளார்க்கின் மனைவி பெட்டியைத் திறந்து கோட்டை வெளியே எடுத்தார். அந்துருண்டை வாசனை அடுத்த வயல் வரைக்கும் போயிருக்கும்.

"ஏனுங்க தம்பி, மெட்ராசுல அவ்வளவு குளுருங்களா?"

"இல்லீங்க அக்கா. டெலிவிஷனுக்கு."

"டெலிவிசனுக்குள்ள குளுருங்களா?"

சிரித்துவிட்டேன். அவர் மோர் கொடுத்தார், குடித்தேன். அந்தக் கேள்வியை எவ்வளவு மரியாதையோடு கேட்டிருக்கவேண்டும் என்று மறுநாள்தான் தெரிந்தது.

பாலக்காட்டில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, கம்பளிக் கோட்டோடு டெலிவிஷன் நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். என்னைப் போல் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எனக்கு மேலே. ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். ஒருவர் நாடகத்தில் அரசர் வேஷம் போடுகிறவர், தண்ணீர் கேட்டால்கூடப் படை கேட்பதுபோல் இருந்தது. எல்லோரும் மெல்லிய வெள்ளைச் சட்டை. நான் மட்டும் கரடி. என் பக்கத்தில் இருந்தவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக ஸ்டூடியோவுக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் எனக்கு ஊர் வந்துவிட்டது. குளிர்! யந்திரங்களுக்காக வைத்திருந்த குளிர், எங்கள் ஆடி மாதக் குளிர். எனக்கு முன்னால் போன அரசர் அங்கே "த்தமிழக அர்ரசு" என்று பல் தந்தியடிக்க வாசித்துவிட்டு வெளியே வந்திருந்தார். பேராசிரியரின் மூக்கு செய்தியின் நடுவே ஒழுகிற்றாம். நான் கோட்டின் பொத்தானைப் போட்டேன். நல்லேப்பிள்ளியை நோக்கி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். உட்கார்ந்தேன்.

வாசிக்கக் கொடுத்த தாளைப் பழக்கப்படி ஒருமுறை தனியாகப் பார்த்தேன். மூன்றாவது செய்தி: கடலோரத்தில் புயல் மழை, பொதுமக்கள் அவதி.

 இந்த ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் காலியான பெரட்டுக்களமும் குடைக்குள் நாயும் கண்ணில் வந்து நின்றன. விளக்கு எரிந்தது. வாசித்தேன். அந்த இடம் வந்ததும், "பொதுமக்கள் பெரும் துன்பத்துக்கு உள்ளானார்கள்" என்று மாற்றி வாசித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு அம்மாளின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. செய்திப் பிரிவின் அதிகாரி. "தாள்ல அவதின்னு இருக்கு. ஏன் மாத்துனீங்க?"

பொய் சொல்ல நேரம் இல்லை. சொன்னேன். மழை, தலைப்பு, மதினியின் பூண்டு, துரை, பெரிய கிளார்க்கின் தமிழ் அவதி, மலையாள அவதி எல்லாம். சொல்லி முடித்ததும் தாளை மடித்து வைத்தேன். போயிற்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் மூட்டை எண்ணப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்புறம் யாரோ பொத்தானை அழுத்தியபடியே மறந்து சிரிக்கிற சத்தம் ஸ்டூடியோ முழுக்க வந்தது. ஒருவர் அல்ல, மூன்று நான்கு பேர்.

அந்த அம்மாள்தான் முதலில் தேறினார். "உங்க செய்தியை நம்பி ஒரு எஸ்டேட்டே லீவு எடுத்துச்சா?"

"ஒரு டிவிஷன் மட்டும் மேடம்."

"நான் இத்தனை வருஷமா செய்தி எழுதறேன். மழை வரும்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரர் குடைகூட எடுத்ததில்லை." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கோட்டை மட்டும் மாத்த முடியுமா?" என்றார்.

"அது இல்லாம வரமாட்டேன் மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஏற்றுக்கொண்டார்கள்.

டெலிவிஷனில் என் முதல் செய்தி நன்றாகவே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. தாளைப் பார்க்காமல் காமிராவைப் பார்க்கவேண்டும் என்றார்கள். நான் அதை சில்வர் ஓக் மரம் என்று வைத்துக்கொண்டேன், சரியாக வந்தது. கொஞ்ச காலத்தில் கடைக்காரர்கள் சில்லறைக்குப் பதில் சிரிப்பு கொடுத்தார்கள். கல்யாணத்தில் முன் வரிசை கிடைத்தது. பந்தியில் என் இலைக்கு மட்டும் இரண்டாவது வடை வந்தது. அரசர் வேஷக்காரர் என்னைப் பார்க்க வந்து, "உங்க உச்சரிப்புல ஒரு மலைக்காத்து இருக்கு" என்றார். அது கோட்டு என்று நான் சொல்லவில்லை.

ஊரில்தான் தகராறு. அந்தக் காலத்தில் எங்கள் மலைக்கு டெலிவிஷன் எட்டவே எட்டாது. யாரும் பார்த்ததுகூட இல்லை. அவதிக்கு, நம் மலையாள அவதிக்கு, ஊருக்குப் போனேன். மதினி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்.

"மெட்ராசுல என்ன சோலி பாக்கிய?"

"செய்திதான் மதினி. டெலிவிஷன்ல."

"நீங்க சொல்லுதிய. கண்டது யாரு?"

"மெட்ராசே பாக்குது."

"மெட்ராசை யாரு கண்டா?" என்றார். "நெசத்தைச் சொல்லுங்க. ஜவுளிக் கடையில நிக்கியளா? நின்னா என்ன, அதுவும் சோலிதான."

லயத்தில் அநேகமாக எல்லோருக்கும் இதே எண்ணம். நான் ஒரு சொல் சொன்னேன் என்பதற்காக வேலைக்குப் போகாமல் பூண்டு உரித்தவர்கள், என்னைப் பற்றி நானே சொன்ன செய்தியை மட்டும் நம்பவில்லை. சென்னை முழுவதும் கைகாட்டியதைவிட அந்த ஒரு லயம் தலையாட்டாதது எனக்குப் பெரிதாக இருந்தது. வடை இரண்டாக இருந்தும் தொண்டையில் இறங்காத காலம் அது.

அடுத்த மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், தொழிலாளர் கிளப் ஒரு டூர் பஸ் ஏற்பாடு செய்தது. திருப்பதி, அப்படியே சென்னை. பெரிய கிளார்க்தான் தலைவர். மதினி முன் சீட்டு. சென்னைக்கு வரும் நாளை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று மாலைச் செய்தி எனக்கே இருக்கும்படி கெஞ்சி மாற்றிக்கொண்டேன். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. அதில் ஊருக்குப் பொதுவாக ஒரு டெலிவிஷன் பெட்டி, கூண்டுக்குள், உயரமான கம்பத்தின்மேல். நேரத்துக்கு அங்கே வந்து நில்லுங்கள் என்று பெரிய கிளார்க்கிடம் சொல்லி வைத்தேன்.

அந்தச் சாயங்காலம் கோட்டின் பொத்தானை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். தாள் கைக்கு வந்தது. தேடினேன். ஒளிந்திருக்கும் அவதி ஒன்றும் இல்லை. கடைசிக்கு முந்திய செய்தி: மழை தொடங்கிவிட்டது, கேரள எல்லையை ஒட்டிய மலைப் பகுதிகளில் கனமழை, பள்ளிக்கூடங்களுக்கு நாளை விடுமுறை. சுத்தமான தமிழ். ஒரு ஆபத்தும் இல்லை.

விளக்கு எரிந்தது. வாசித்துக்கொண்டே போனேன். காமிரா சில்வர் ஓக் மரமாயிற்று. மரத்துக்குக் கீழே மைதானம் தெரிந்தது, மைதானத்தில் அவர்கள். கடைசிக்கு முந்திய செய்தி வந்தது. தாளில் விடுமுறை என்று இருப்பது எனக்குத் தெரியும். என் வாய் கேட்கவில்லை.

"கேரள எல்லையை ஒட்டிய மலைப் பகுதிகளில் கனமழை பெய்கிறது. அங்குள்ள பள்ளிக்கூடங்களுக்கு நாளை அவதி."

காமிரா கண் சிமிட்டவில்லை. நானும் சிமிட்டாமல் அடுத்த செய்திக்குப் போனேன். முடித்து வெளியே வந்ததும் அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

"பள்ளிக்கூடங்களுக்கு அவதியா?"

"ஆமாம் மேடம். மழையில..."

"மழையில அவதிதான்" என்றார். "தப்பே சொல்ல முடியாது." சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓடுங்க, உங்க ஆளுங்க காத்திருப்பாங்க."

கோட்டோடு ஓடினேன். பூங்காவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பெட்டியில் யாரோ வீணை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் பஸ் முழுவதும் கூண்டைச் சுற்றி நின்று இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். ஒரு சுண்டல்காரர் மதினியிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மழையில பள்ளிக்கூடம் அவதிப்படுதுன்னு சொல்றாரு. பாவம் பசங்க. நீங்க கை தட்றீங்களே, இன்னாம்மா இது?"

"அது எங்க ஊரு அவதில்லா அய்யா? தட்டாம அழவா?"

அதற்குள் பெரிய கிளார்க் என்னைப் பார்த்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, என் தோளைத் தொட்டுக் காட்டி, "பாத்துக்குங்க, கோட்டு நம்முளுதுங்க!" என்று கூவினார். சென்னைக்காரர்களும் கை தட்டினார்கள், கோட்டுக்கோ எனக்கோ, நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மதினி பக்கத்தில் வந்து என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கூண்டைப் பார்த்தார். மறுபடி என்னை.

"மொகத்தை வச்சு நான் நம்பல கொழுந்தனாரே. அது யாரோ மாதிரி வெள்ளையா, சப்பையா இருந்துச்சு. இவரு இல்லன்னுதான் சொல்லிட்டு இருந்தேன், வேணும்னா கேளுங்க. அவதின்னு சொன்னிய பாருங்க, அங்ஙன எந்திரிச்சுட்டேன். நீங்கதான். சத்தியமா நீங்கதான்."

எனக்குப் பேச வரவில்லை. வராது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, தொண்டை அடைத்துவிட்டதே என்று அன்று இரங்கியவள்தான், கையை உயர்த்திக் கேட்டாள். "ஏங்க, அவதி பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தானா? தோட்டத் தொழிலாளருக்கு இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்கிறேனோ அப்படி நடக்கத் தயாராக நின்றது அந்த பஸ் முழுவதும்.

பெரிய கிளார்க்தான் பதில் சொன்னார். "தொழிலாளருக்கு எப்பவும் போல தமிழ் அவதிதானுங்க அம்மிணி. ஏறுங்க, பஸ் கெளம்புது."